பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டப் போறீங்களா? முதல்ல படிக்கட்டை அளந்துடுங்க!

"உடைக்கவே வேணாம் சார். பழைய மொசைக் மேலேயே ஒட்டிடலாம். தூசு இல்ல, குப்பை அள்ளுற செலவு இல்ல, ஒரே வாரத்துல வேலை முடிஞ்சிடும்."

வீட்டுத் தரையை மாற்றலாம் என்று டைல்ஸ் மேஸ்திரியைக் கூப்பிட்டால், பெரும்பாலும் முதலில் காதில் விழுவது இதுதான். மேஸ்திரி சொல்வதில் பொய் எதுவும் இல்லை. பழைய தரை உறுதியாக இருந்தால் அதன் மேலேயே தாராளமாக ஒட்டலாம். வேலை முடிந்ததும் ஹால் பளபளவென்று இருக்கும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்துவிடலாம்.

இரண்டு நாள் கழித்துத்தான் ஒவ்வொன்றாகத் தெரியவரும். பெட்ரூம் கதவு தரையில் உரசும். பாத்ரூமில் ஊற்றிய தண்ணீர் வெளியே எட்டிப் பார்க்கும். பத்து வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு மாடி ஏறிய பாட்டிக்கு, முதல் படியில் கால் இடறும்.

டைல்ஸ் வேலை அறையின் நடுவில் சொதப்புவது குறைவு. ஒரு தரை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடங்களில்தான் சொதப்பும். ஹாலும் படியும் சேரும் இடம், அறைக் கதவுக்குக் கீழே இருக்கும் இடம், தரை சுவரைத் தொடும் ஓரம். இந்த ஓரங்களை எப்படிக் கையாள்வது, வேலை தொடங்கும் முன் எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

தரை எவ்வளவு உயரும்?

கணக்குக்குப் போகும் முன் ஒரு சின்ன விஷயம். டைல்ஸ் பெட்டியில் அளவு மில்லிமீட்டரில் இருக்கும். மேஸ்திரியும் ஆசாரியும் பேசுவது இன்ச்சிலும் 'நூல்' கணக்கிலும். ஒரு இன்ச்சுக்கு 8 நூல். அதாவது ஒரு நூல் என்பது சுமார் 3 மி.மீ. "ரெண்டு நூல் ஏறுது சார்" என்று அவர் சொன்னால் 6 மி.மீ. உயர்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல் தலையாட்டிவிட்டுப் பிறகு வருத்தப்படுபவர்கள் நிறைய பேர்.

வழக்கமான விட்ரிஃபைட் டைல்ஸின் தடிமன் 8 முதல் 10 மி.மீ. வரை இருக்கும். கிரானைட் என்றால் 16 முதல் 20 மி.மீ. இதோடு அடியில் போடும் கலவையும் சேரும். பேஸ்ட் போட்டு ஒட்டினால் 3 முதல் 6 மி.மீ. போதும். சிமென்ட் மணல் கலவை என்றால் ஒரு இன்ச்சுக்குக் குறையாது. பழைய தரை மேடு பள்ளமாக இருந்தால் ஒன்றரை இன்ச்கூட ஆகும்.

ஆக, பேஸ்ட் போட்டு ஒட்டினால் தரை ஏறக்குறைய அரை இன்ச் உயரும். சிமென்ட் கலவையில் போட்டால் ஒன்றரை இன்ச், அதாவது 40 மி.மீ. அளவுக்கு உயரும். ஆத்தங்குடி டைல்ஸ் விரும்புபவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். கண்ணாடி மேல் வார்த்து, சுடாமல் தண்ணீரில் பதப்படுத்திச் செய்யும் சிமென்ட் டைல்ஸ் அது. விட்ரிஃபைடைவிட நல்ல தடிமன் இருக்கும். பதிக்கவும் கலவை தேவை.

அரை இன்ச், ஒன்றரை இன்ச் எல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஹாலின் நடுவில் நிற்கும்போது பெரிய விஷயமே இல்லை. படிக்கட்டுக்கு வந்தால் கதை வேறு.

படிக்கட்டில் என்ன நடக்கிறது?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹாலிலிருந்து மாடிக்குப் போக 18 ஏற்றம். ஒவ்வொன்றும் 165 மி.மீ. உயரம், அதாவது ஆறரை இன்ச். இந்த உயரத்தைத்தான் கட்டட வேலையில் 'ரைஸர்' என்கிறார்கள். எல்லாம் சமமாக இருப்பதால் யாரும் படியைப் பார்த்து ஏறுவதில்லை.

இப்போது ஹாலில் மட்டும் சிமென்ட் கலவை போட்டு டைல்ஸ் பதிக்கிறார்கள். தரை 40 மி.மீ. உயர்ந்துவிட்டது, படியைத் தொடவில்லை. முதல் படியின் உயரம் 125 மி.மீ. ஆகிவிடும். மற்ற 17 படிகளும் பழையபடி 165. ஏறும்போதுகூடப் பரவாயில்லை. இறங்கி வரும்போது, கடைசி அடி எதிர்பார்த்ததைவிட ஒன்றரை இன்ச் முன்னாலேயே தரையில் 'டங்'கென்று மோதும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த ஒரு அடியே போதும்.

"அதுக்கென்ன, படிக்கும் சேர்த்தே போட்டுடுவோம்" என்று படிகளிலும் 40 மி.மீ. ஏற்றினால் முதல் படி சரியாகிவிடும். ஹாலும் படியும் ஒரே அளவு உயர்ந்துவிட்டதே! ஆனால் மாடித் தரையைத் தொடவில்லை என்றால், அதே தவறு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசிப் படிக்கும் மாடித் தரைக்கும் நடுவே உயரம் 125 மி.மீ. ஆகிவிடும். இது முதல் வகையைவிட ஆபத்து. ஏனென்றால் மாடியிலிருந்து இறங்கத் தொடங்கும் இடத்தில் தடுமாறினால், விழுவது ஒரு படி உயரத்திலிருந்து அல்ல.

மூன்றாவது வகைதான் பலருக்கும் புரிபடாதது. ஹால், படி, மாடி எல்லாவற்றிலும் புதிதாகப் போட்டாகிவிட்டது, எல்லாம் பேஸ்ட் போட்டுத்தான் ஒட்டியது. ஆனாலும் படி இடறுகிறது. காரணம், ஹாலிலும் மாடியிலும் விட்ரிஃபைட். பேஸ்ட்டோடு சேர்த்து 13 மி.மீ. படியில் மட்டும் கிரானைட். பேஸ்ட்டோடு 23 மி.மீ. படி 10 மி.மீ. அதிகம் உயர்ந்துவிட்டது. முதல் ஏற்றம் 175 மி.மீ., நடுவில் எல்லாம் 165, கடைசி ஏற்றம் 155. ஒரே படிக்கட்டில் முதலுக்கும் கடைசிக்கும் 20 மி.மீ. வித்தியாசம். யாரும் தவறு செய்யவில்லை. கடையில் கல்லைத் தேர்வு செய்தபோது கலரைப் பார்த்தார்கள், தடிமனைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

ஆக, படிக்கட்டு உள்ள வீட்டில் தரை மாற்றும்போது பார்க்க வேண்டியது ஒரே ஒரு எண். ஹால் எவ்வளவு உயர்கிறதோ, ஒவ்வொரு படியும், நடுவில் திரும்பும் மேடையும், மாடித் தரையும் அதே அளவு உயர வேண்டும். ஹாலில் மெல்லிய டைல்ஸும் படியில் தடித்த கல்லும் வேண்டும் என்றால், அந்த வித்தியாசத்தை அடியில் போடும் கலவையில் சரிக்கட்டச் சொல்ல வேண்டும். நடுமேடையை மறந்துவிடக் கூடாது. அதுவும் ஒரு படிதான்.

அரை இன்ச்சுக்கே விழுவார்களா?

விழுவார்கள். நியூயார்க்கில் நடந்ததை உதாரணமாகச் சொல்லலாம். புரூக்ளின் பகுதியில் 36வது தெரு சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டில், ஒரே ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட ஒரு இன்ச்சுக்கும் குறைவாக உயர்ந்திருந்தது. 2012இல் டீன் பீட்டர்சன் என்ற குறும்பட இயக்குநர், அந்தப் படியில் வரிசையாக மக்கள் தடுக்குவதைப் படம்பிடித்து வெளியிட்டார். இளைஞர்கள், அலுவலகம் போகிறவர்கள், குழந்தையைத் தூக்கி வருபவர் என்று ஆள் மாறி ஆள் அதே படியில் இடறினார்கள். வீடியோ பரவியதும் படிக்கட்டு சரிசெய்யப்பட்டது.

காரணம் எளிமையானது. முதல் இரண்டு மூன்று படிகளில் கால் உயரத்தைக் கற்றுக்கொள்ளும். அதன்பிறகு கண் படியைப் பார்ப்பதில்லை. கால் தானாக அதே அளவுக்குத் தூக்கும், அதுவும் படியின் விளிம்பைக் கொஞ்சமே கொஞ்சம் தாண்டும் அளவுக்கு. நடுவில் ஒரு படி மட்டும் ஏமாற்றினால் விரல் நுனி இடித்துவிடும். சொந்த வீட்டுப் படி என்றால் இன்னும் மோசம். பல வருடப் பழக்கம் காலில் ஊறியிருக்கும்.

அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதிகளில், ஒரே படிக்கட்டில் மிக உயரமான படிக்கும் மிகத் தாழ்வான படிக்கும் உள்ள வித்தியாசம் எட்டில் மூன்று இன்ச்சைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. நம் மேஸ்திரி கணக்கில் சரியாக 3 நூல். நினைவில் வைத்துக்கொள்ள வசதியான அளவு. இந்தியாவின் தேசிய கட்டட விதித்தொகுப்பு, வீடுகளில் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை என்பதற்கு இன்னொரு எண்ணும் இருக்கிறது. கீழே விழுவதால் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் உயிரிழக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவர்களில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம்.

மாடித் தரையைத் தொட முடியாது என்றால்?

கீழ்வீடு உங்களுடையது, மேலே வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். அல்லது பட்ஜெட் கீழ்த்தளத்துக்கு மட்டும்தான். பல வீடுகளில் இதுதான் நிலைமை. அப்போது இரண்டு வழி.

ஒன்று, பழைய தரையை உடைத்து எடுத்துவிட்டு, பழைய மட்டத்துக்கே புதுத் தரையைக் கொண்டுவருவது. தூசு, சத்தம், குப்பை, கூலி எல்லாம் உண்டு. ஆனால் கதவு, பாத்ரூம், படி என்று எதிலும் கைவைக்க வேண்டியதில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் சில வீடுகளில் இதுவே செலவு குறைவான வழியாகக்கூட அமையலாம். "உடைக்க வேணாம்" என்ற முதல் வாக்கியத்தைக் கேட்டதுமே இந்தக் கணக்கைப் போடாமல் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று, பேஸ்ட் போட்டு ஒட்டி உயரத்தை 13 மி.மீ.க்குள் அடக்கி, அதைக் கீழ்ப்படிகளுக்குப் பகிர்ந்துவிடுவது. முதல் படியின் மேற்பூச்சைக் கொத்தி, புதுக் கல் பதித்த பிறகு பழைய மட்டத்தைவிட 10 மி.மீ. உயரமாக வரும்படி வைக்க வேண்டும். இரண்டாவது படி 7 மி.மீ. உயரம். மூன்றாவது 3 மி.மீ. நான்காவது படியிலிருந்து பழைய மட்டமே. இப்போது கணக்குப் பாருங்கள். முதல் நான்கு ஏற்றமும் 161, 162 மி.மீ. என்று வரும்; மற்றவை 165. அதிகபட்ச வித்தியாசம் 4 மி.மீ.தான். கால் கண்டுபிடிக்காது. நாலாவது படிக்கு மேலே கல் பதிக்க நினைத்தால், அங்கேயும் பழைய பூச்சை அதே தடிமனுக்குக் கொத்தி எடுத்த பிறகுதான் பதிக்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்ய மேஸ்திரிக்குப் பொறுமை வேண்டும். "அதெல்லாம் பழகிடும் மேடம்" என்று அவர் சொன்னால், பழகிக்கொள்ளப் போவது வீட்டுக்காரர்கள்தான், அவர் இல்லை என்பதை நினைவுபடுத்தலாம்.

படி விஷயத்தில் கைப்பிடியையும் பார்க்க வேண்டும். படி ஒன்றரை இன்ச் உயர்ந்தால் கைப்பிடி ஒன்றரை இன்ச் தாழ்ந்துவிட்டது என்று பொருள். ஏற்கெனவே தாழ்வாக இருக்கும் பழைய கம்பி கிராதி என்றால், இதோடு சேர்த்து அதையும் உயர்த்திவிடுவது நல்லது. படி விளிம்பில் கிரானைட்டை அரைவட்டமாக உருட்டி பாலிஷ் போடுவது பார்க்க அழகு. ஆனால் ஈரக்காலுக்கு அது சறுக்குப் பலகை. விளிம்பை ஒட்டி இரண்டு மூன்று பள்ளக் கோடுகள் போட்டுத் தரச் சொல்லிக் கல் வெட்டும் இடத்திலேயே கேட்டுவிட வேண்டும். பதித்த பிறகு போடுவது பெரும்பாடு.

வாசலிலும் இதே கதைதான், ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் தாக்குதல். உள்ளே திண்ணையும் போர்டிகோவும் டைல்ஸால் உயர, வெளியே தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு ரோடு உயரும். சென்னையின் பழைய தெருக்களில் முதல் படி பாதி மண்ணுக்குள் புதைந்த வீடுகளைப் பார்க்கலாம்.

கதவுக்கு அடியில் கோடு எங்கே விழ வேண்டும்?

ஹாலில் ஒரு டைல்ஸ், பெட்ரூமில் வேறு டைல்ஸ். இரண்டும் எங்கே சேர வேண்டும்? பல வீடுகளில் கதவு நிலையின் ஹால் பக்க விளிம்போடு முடித்துவிடுவார்கள். கதவைச் சாத்தினால் ஹாலில் நிற்பவருக்கு பெட்ரூம் டைல்ஸ் இரண்டு மூன்று இன்ச் எட்டிப் பார்க்கும். கதவை மூடிப் பார்த்து, கதவுப் பலகையின் தடிமனுக்கு நேர் கீழே இணைப்புக் கோடு விழும்படி வைத்தால், எந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கத் தரை மட்டுமே தெரியும். இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. டைல்ஸ் வெட்டும் முன் ஒருமுறை கதவைச் சாத்திப் பார்த்தால் போதும்.

இரண்டு தரைக்கும் உயர வித்தியாசம் இருந்தால் நடுவில் கிரானைட் பட்டி வைப்பது வழக்கம். 2 நூல் வரை என்றால் பட்டியின் விளிம்பை மழுக்கிவிட்டாலே போதும். 4 நூல் வரை என்றால் ஒரு பக்கம் சரிவாகச் சீவிய பட்டி வைக்கலாம். அதற்கு மேல் போனால் பட்டி வேலைக்கு ஆகாது. சின்னச் சரிவுதளம்தான் போட வேண்டும். ஒரு இன்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்ற கணக்கில் சரிவு கொடுத்தால் சக்கர நாற்காலியும் வாக்கரும் சிரமமில்லாமல் ஏறும். அவ்வளவு இடம் எந்த வாசலில் இருக்கிறது என்று கேட்டால், நியாயமான கேள்விதான். அதனால்தான் உயரத்தை முதலிலேயே கட்டுப்படுத்துவது முக்கியம்.

தரை உயர்ந்தால் கதவின் அடியை வெட்ட வேண்டும். தேக்கு போன்ற முழு மரக் கதவு என்றால் ஆசாரி இழைத்துக் கொடுத்துவிடுவார். ஃப்ளஷ் டோர் என்றால் யோசிக்க வேண்டும். அதன் அடியில் ஓடும் சட்டம் அதிக அகலம் இருக்காது. ஒன்றரை இன்ச் வெட்டினால் அந்தச் சட்டமே போய், உள்ளிருக்கும் துண்டுகள் தெரிய ஆரம்பிக்கும். வெட்டிய முனையில் பெயின்ட்டோ பாலிஷோ அடிக்காமல் விட்டால் தரை துடைக்கும் ஈரம் ஏறி, ஒரே மழைக்காலத்தில் பிளை பிரிந்துவிடும். பாத்ரூம் பி.வி.சி. கதவு உள்ளே கூடாக இருப்பதால், வெட்டினால் அடியில் மூடி போட்டு அடைக்க வேண்டும்.

தலைவாசல் தனிக் கதை. மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் நிலைப்படியை யாரும் மிதிக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் தரை உயர்ந்து அந்தப் படி டைல்ஸுக்குள் புதைந்துபோனால், வீட்டுப் பெரியவர்களின் மனக்கஷ்டம் ஒரு பக்கம். மழைநீர் உள்ளே வருவதைத் தடுத்துக்கொண்டிருந்த அணை போய்விடும் என்பது இன்னொரு பக்கம். மரத்தைச் சுற்றி சிமென்ட் கலவை அணைத்தால் ஈரம் தங்கிக் கரையானும் வரும். தலைவாசலை ஒட்டிய ஒரு வரிசையை மட்டுமாவது பழைய மட்டத்தில் நிறுத்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பாத்ரூமில் தலைகீழ்

ஹால் உயர்ந்தால் பாத்ரூம் இன்னும் பள்ளமாகும். பாத்ரூமில் மட்டும் புது டைல்ஸ் ஒட்டினால் தண்ணீர் வெளியே வரும். இரண்டுமே தலைவலிதான். ஆனால் முதல் வகையில் ஒரு மறைமுக ஆபத்து இருக்கிறது. ஈரக்காலோடு இரவில் வெளியே வருபவர் ஏற வேண்டிய உயரம் மூன்று நான்கு இன்ச் ஆகிவிடும்.

தண்ணீரைத் தடுப்பது வாசலின் உயரம் இல்லை, தரையின் வாட்டம். ஒரு அடிக்கு ஒரு நூல் வீதம் ஜல்லடை இருக்கும் பக்கம் வாட்டம் கொடுத்திருந்தால் தண்ணீர் வாசல் பக்கமே வராது. வாட்டம் சரியாக இருந்தால் வாசலில் அரை இன்ச் தடுப்பே தாராளம். வாட்டம் தவறிவிட்டு வாசலில் மூன்று இன்ச் கல் வைத்துச் சமாளிக்கும் வீடுகள்தான் அதிகம். வேலை முடிந்ததும் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டுக் கடைசித் தவணைக் கூலியைக் கொடுக்கலாம்.

ஸ்கர்ட்டிங்: சுவரோரம் ஒரு தொல்லை

சுவரின் அடியில் நாலு இன்ச்சுக்கு ஓடும் பட்டிதான் ஸ்கர்ட்டிங். துடைப்பமும் ஈரத்துணியும் சுவரைப் பாழாக்காமல் காப்பது அதன் வேலை. தரை ஒன்றரை இன்ச் உயர்ந்தால் பழைய ஸ்கர்ட்டிங் இரண்டரை இன்ச்சாகக் குறுகிவிடும். சரி, அதன் மேலேயே புதுசு ஒட்டிவிடலாம் என்றால், சுவரிலிருந்து முக்கால் இன்ச் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் தலையில் தினமும் தூசு படியும். பீரோ சுவரோடு ஒட்டாது.

அதைவிட அசிங்கமாகத் தெரிவது கதவு நிலையின் ஓரம். நிலையைச் சுற்றி அடிக்கும் மர பீடிங் அரை இன்ச் தடிமன்தான் இருக்கும். துருத்திய ஸ்கர்ட்டிங் அதைத் தாண்டி நீட்டிக்கொண்டு, வெட்டிய டைல்ஸின் முனை வெளியே தெரியும். கொலுசு மாட்டும், சின்னப் பிள்ளைகளின் கால் கீறும். பழைய ஸ்கர்ட்டிங்கைக் கொத்தி எடுத்துவிட்டு, பூச்சுக்குள் கொஞ்சம் பதித்து ஒட்டினால் இந்தத் தொல்லை வராது. பீடிங் தரைவரை வர வேண்டும், ஸ்கர்ட்டிங் வந்து அதில் முட்டி நிற்க வேண்டும், பீடிங்கைவிட ஸ்கர்ட்டிங் ஒரு நூலாவது உள்வாங்கி இருக்க வேண்டும். இதற்காகவே ஆசாரி வேலையை டைல்ஸ் வேலைக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

படிக்கட்டுச் சுவரில் ஸ்கர்ட்டிங் படிப்படியாக ஏறிப்போய், மேடையில் நேராக ஓட வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் உயரம் ஒத்துவராமல் ஒரு முக்கோணத் துண்டைச் சொருகி, வெள்ளை சிமென்ட் அப்பி முடித்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். இதைத் தவிர்க்க, ஒட்டும் முன் துண்டுகளைக் கீழேயிருந்து மேலேவரை சுவரில் சாய்த்து வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அரை நாள் வேலைதான்.

மரத் தரை போடுபவர்களுக்கு

பெட்ரூமில் லேமினேட் மரத் தரை போடுவது இப்போது பரவலாகிவிட்டது. 8 மி.மீ. பலகை, அடியில் 2 மி.மீ. ஃபோம். உயரம் 10 மி.மீ.தான். பக்கத்து அறை டைல்ஸோடு உயரம் ஏறக்குறைய ஒத்துப்போகும் என்பதால், இரண்டையும் நெருக்கி ஒட்டி நடுவில் கிரவுட் பூசிவிடத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது.

லேமினேட் தரை ஒட்டப்படுவதில்லை, மிதக்கிறது. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும். சுவரோரத்தில் அந்த இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். கதவடியில் மறைக்க ஆங்கில 'டி' வடிவத்தில் உலோகப் பட்டி கிடைக்கிறது. அந்தப் பட்டியின் கால் தரையில்தான் பிடிக்கப்பட வேண்டும், பலகையோடு சேர்த்து ஸ்க்ரூ அடித்துவிட்டால் பலகை நகர முடியாது. சென்னை மாதிரி கடலோர ஊரில் ஒரு மழைக்காலம் போதும், நடுவில் பாம்பு படமெடுத்த மாதிரி தூக்கிக்கொள்ளும். படிகளில் இதே பலகையைப் போடுவதென்றால் மிதக்கவிடக் கூடாது. முழுவதும் ஒட்டி, விளிம்பில் அதற்கென்று வரும் பட்டியைப் பிடிக்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன் ஒரு கோடு

இதையெல்லாம் ஒரே நாளில் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, எல்லா அறைச் சுவர்களிலும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு போடுவது. லேசர் கருவி இருந்தால் இன்னும் சீக்கிரம். அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு வாசலிலும், பாத்ரூமிலும், முதல் படியிலும் தரைவரை டேப் வைத்து அளந்து சுவரிலேயே பென்சிலால் எழுதிவிட வேண்டும். பழைய வீடுகளில் ஹாலின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமே அரை இன்ச் வித்தியாசம் இருப்பது அப்போதுதான் தெரியும். கூடவே இரும்புக் கம்பியால் பழைய தரையைத் தட்டிப் பார்த்து, 'டொக் டொக்' என்று காலியாகச் சத்தம் வரும் இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். அந்த இடங்கள் நிறைய இருந்தால், மேலே ஒட்டும் பேச்சே வேண்டாம்.

டைல்ஸ் கடைக்குப் போவது இதற்குப் பிறகுதான். நம் வழக்கம் நேர் எதிர். டைல்ஸ் வந்து இறங்கிய பிறகுதான் டேப்பைத் தேடுவோம்.

ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டவர்கள்?

டேப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் கீழிருந்து மேலேவரை ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். எல்லாம் 3 நூல் வித்தியாசத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒரு படி மட்டும் தனித்து நின்றால், பெரும்பாலும் அது முதல் படியாகவோ கடைசிப் படியாகவோதான் இருக்கும். அந்த ஒரு படியின் கல்லை மட்டும் பெயர்த்து மாற்ற முடியுமா, முதல் இரண்டு மூன்று படிகளுக்குப் பகிர முடியுமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். கிரானைட் கடைகளில் துண்டுக் கல் தேடினால் அதே கலர் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

மாற்ற முடியாது என்றால், அந்தப் படியின் விளிம்பில் கல்லின் நிறத்துக்கு நேர் மாறான நிறத்தில் சொரசொரப்பான டேப் ஒட்டலாம். கறுப்பு கிரானைட் என்றால் மஞ்சள். அழகாக இருக்காதுதான். ஆனால் கண் அங்கே ஒரு நொடி நிற்கும், கால் ஏமாறாது. படிக்கட்டின் விளக்கு ஸ்விட்ச் கீழே மட்டும் இருந்தால், மேலேயிருந்தும் போட்டு அணைக்கும் டூ-வே ஸ்விட்ச்சாக மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. இருட்டில் இறங்குபவருக்கு, டேப் என்ன கலரில் இருந்தும் பயனில்லை.